பதினாறு மைக்கின் பதிவை எந்தக் கோப்பில் வைப்பது?

வாசகர் கேள்வி - பதில்

ஸ்டீரியோ பதிவுகளை, ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கி வைக்கும் ஃப்ளாக் கோப்புகளாகச் சேமிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். இரண்டு சேனலுக்கு, அதாவது இரண்டு தனி ஒலித் தடங்களுக்கு, சொன்னது எட்டுக்கும் பதினாறுக்கும் பொருந்துமா என்று கேட்டு இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. எல்லாமே வேலை செய்கிறவர்களின் கேள்விகள் என்பதால், இந்த மாதப் பக்கம் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறேன்.

எங்கள் சபாவில் மாதம் ஒரு கச்சேரியைப் பதிவு செய்கிறோம். பாட்டு, வயலின், மிருதங்கத்தின் வலந்தலை, தொப்பி, கடம், தம்புரா, அரங்க மைக்குகள் என்று 16 சேனல். எல்லாம் சுருக்கப்படாத ஒரே வேவ் கோப்பாக வருகிறது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஃப்ளாக்காக மாற்ற முயன்றால் மென்பொருள் மறுக்கிறது. என்ன செய்யலாம்? (கும்பகோணம் வாசகர்)

மென்பொருளில் கோளாறு இல்லை. ஃப்ளாக் வடிவத்தின் இலக்கணமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஃப்ளாக், ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்கி அடுக்குகிறது. ஒவ்வொரு துண்டின் தலைப்பிலும் ‘இதில் எத்தனை சேனல்’ என்று எழுதுவதற்கு 4 பிட் இடம்தான் இருக்கிறது. 4 பிட்டில் 16 மதிப்புகளை எழுதலாம். அவற்றில் 8 மதிப்புகள் ஒன்று முதல் எட்டு வரையிலான தனிச் சேனல்களைக் குறிக்கின்றன. 3 மதிப்புகள் ஸ்டீரியோவைச் சிக்கனமாக எழுதும் மூன்று வழிகளைக் குறிக்கின்றன. மீதி 5 பயன்படுத்தப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன. ஜாஷ் கோல்சன் 2000-ல் தொடங்கி, 2001-ல் முதல் முழுப் பதிப்பாக வெளியிட்ட வடிவம் இது. 2024 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 9639 என்ற எண்ணில் இணையத் தர ஆவணமாக அது வெளியானபோதும் எட்டுச் சேனல் என்ற எல்லை அப்படியே இருந்தது. ஆகவே புதிய பதிப்பு வந்து உங்கள் 16 சேனல் கோப்பை ஏற்றுக்கொள்ளும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஒரு சேனலுக்கு நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியை அளந்து எழுதிய எண்கள். ஒவ்வொன்றும் 3 பைட். ஆக நொடிக்கு 1,44,000 பைட், மணிக்கு 518 எம்.பி. பதினாறு சேனல் என்றால் மணிக்கு சுமார் 8.3 ஜி.பி.; இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு 20.7 ஜி.பி. இழப்பில்லாச் சுருக்கத்தில் இது பொதுவாகப் பாதியிலிருந்து எழுபது சதவீதத்துக்குள் அடங்கும். உங்கள் பதிவில் இன்னும் குறையவே வாய்ப்புண்டு. ஆலாபனை நடக்கும்போது மிருதங்க மைக்கிலும் கட மைக்கிலும் விழுவது பக்கத்திலிருந்து கசியும் மெல்லிய ஒலி மட்டுமே. ஒலி மட்டம் 6 டெசிபெல் இறங்கினால் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஏறக்குறைய ஒரு பிட் மிச்சமாகும். ஒரு சேனலில் ஒரு மணி நேரத்துக்கு அது 21.6 எம்.பி. மிக்சரில் அடியோடு அணைத்து வைத்த சேனலோ இன்னும் லேசானது. அதன் சாம்பிள்கள் எல்லாம் பூஜ்யம் என்பதால், 4,096 சாம்பிள் கொண்ட ஒரு துண்டின் 12,288 பைட் ஒலித் தரவை ஃப்ளாக் 4 பைட்டில் எழுதி முடித்துவிடுகிறது.

இனி வழிகளுக்கு வருவோம். ஒரே கோப்புதான் வேண்டும் என்றால் வேவ்பேக் இருக்கிறது. டேவிட் பிரையன்ட் 1998-ல் தொடங்கிய வடிவம் அது, நூற்றுக்கணக்கான சேனல்களை ஏற்கும், நான்கு ஜி.பி.யைத் தாண்டிய கோப்புகளையும் இப்போதைய பதிப்பு கையாளும். மாற்று வழி, 16 சேனல்களையும் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மோனோ ஃப்ளாக்காகவும், அரங்க மைக் போன்ற ஜோடிகளை மட்டும் ஸ்டீரியோ ஃப்ளாக்காகவும் ஒரே ஃபோல்டரில் வைப்பது. நான் பல ஆண்டுகளாக இரண்டாவதைத்தான் பின்பற்றுகிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். வயலினை மட்டும் கேட்க வேண்டியவருக்கு 12 ஜி.பி. கோப்பை அனுப்ப வேண்டியதில்லை. ஃப்ளாக்கைத் திறக்காத கணினியோ கைப்பேசியோ இன்று அரிது. ஒரு கோப்பு கெட்டாலும் மற்றப் பதினைந்தும் பிழைத்திருக்கும். கோப்பின் பெயரிலேயே ‘07 மிருதங்கம் வலந்தலை’ என்று எழுதிவிட்டால், பத்து ஆண்டு கழித்து அந்த வட்டைத் திறப்பவர் ஏழாவது சேனல் எது என்று தேடி அலைய வேண்டாம்.

பிரிப்பதில் ஒரே ஓர் ஆபத்து உண்டு. கோப்புகள் ஒன்றோடொன்று நேர்க்கோட்டில் நிற்கவேண்டும். ஆரம்பத்து நிசப்தம் வீண் என்று நினைத்து யாரோ ஒருவர் ஒரு கோப்பின் முன்பகுதியை மட்டும் வெட்டிவிட்டால், மொத்தக் கலவையும் குலைந்துவிடும். ஆகையால் எல்லாக் கோப்புகளும் ஒரே சாம்பிளில் தொடங்கி ஒரே சாம்பிளில் முடியவேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃப்ளாக்கும் தன் மொத்தச் சாம்பிள் எண்ணிக்கையைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. மெட்டாஃப்ளாக் என்ற சிறு கருவி அதைக் காட்டும். பதினாறு எண்களும் கடைசி இலக்கம்வரை ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் நான் ஒருமுறை அகப்பட்டுத் தவித்திருக்கிறேன். சாதாரண வேவ் கோப்பின் அளவு 32 பிட் எண்ணாக எழுதப்படுவதால், அதன் உச்சவரம்பு 4 ஜி.பி. உங்கள் 16 சேனல் பதிவு அந்த வரம்பைத் தொடுவதற்கு 31 நிமிடமே ஆகும். நல்ல கருவிகள் அங்கே வெட்டி அடுத்த கோப்பைத் தொடங்கும், அல்லது ஆர்.எஃப்.64 என்ற பெரிய வடிவத்துக்கு மாறிக்கொள்ளும். நான் அன்று வைத்திருந்த மென்பொருள் இரண்டையும் செய்யவில்லை. 40 நிமிடப் பதிவு, வீட்டுக்கு வந்து திறந்தபோது 9 நிமிடம் என்று காட்டியது. வரம்பைத் தாண்டியதும் அளவு எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தது. ஆனால் ஒலி முழுவதும் வட்டில் பத்திரமாக இருந்தது. பொய்யாகியிருந்தது தலைப்பு மட்டுமே. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், தலைப்பை நம்பாமல் வெறும் தரவாக உள்ளே எடுக்கும் வசதி இருக்கிறது. 24 பிட், 16 சேனல், 48,000 என்று நானே சொல்லிக் கொடுத்துத் திறந்தேன். தலைப்புக்காக எத்தனை பைட் தள்ளவேண்டும் என்பதில் ஒரு பைட் பிசகினால் எல்லாம் இரைச்சலாகிவிடும். மூன்று பைட் பிசகினால் ஒலி தெளிவாகவே வரும், ஆனால் ஒவ்வொரு சேனலும் ஓரிடம் நகர்ந்து, பாடகரின் தடத்தில் வயலின் கேட்கும். அன்று இரவு அப்படித்தான் கேட்டது. உங்கள் பழைய கோப்புகளில் எதுவாவது எதிர்பார்த்ததைவிடக் குறைந்த நேரம் காட்டினால், தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

எட்டுக்கு மேற்பட்ட சேனல்களை அனுமதிக்கும் சர்வதேசத் தரம் ஒன்று உண்டா என்றும் கடிதத்தின் பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். எம்பெக்-4 ஏ.எல்.எஸ். என்று ஒன்று இருக்கிறது. 65,536 சேனல் வரை அதில் இடமுண்டு. சேனல்களுக்கு இடையிலான ஒற்றுமையைக் கூடக் கணக்கில் எடுத்துச் சுருக்கும். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உழைப்பு அதில் பெரிது. ஆனால் அதை எழுதவும் திறக்கவும் தெரிந்த மென்பொருள்கள் மிகச் சிலவே. பெரும்பாலான கணினிகளில் எளிதாகத் திறக்க முடியாத வடிவத்தில் சபாவின் பதிவுகளை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னிடம் நான்கு ஸ்டீரியோ ஜோடிகள் உள்ளன. எட்டுச் சேனல்தானே என்று எல்லாவற்றையும் ஒரே ஃப்ளாக்கில் சேர்த்தேன். பிறகு சந்தேகம் வந்து, நான்கு தனித்தனி ஸ்டீரியோ ஃப்ளாக்காகவும் செய்து பார்த்தேன். தனிக் கோப்புகளின் கூட்டுத்தொகை குறைவாக இருக்கிறது. ஒன்றாகச் சேர்த்தால்தானே நன்றாகச் சுருங்கவேண்டும்? (கோவை வாசகர்)

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி. நீங்கள் கண்டது சரி, காரணமும் திட்டவட்டமானது.

ஸ்டீரியோவில் இடப் பக்கமும் வலப் பக்கமும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒரு கணத்தில் இடது 1001, வலது 998 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெரிய எண்களையும் அப்படியே எழுதுவதற்குப் பதிலாக, சராசரியையும் வித்தியாசத்தையும் எழுதலாம். வித்தியாசம் 3, அது மிகச் சிறிய எண், குறைந்த பிட்டில் அடங்கும். சராசரி 999.5. இதில் அரையைத் தள்ளி 999 என்று எழுதினால் இழப்பு வந்துவிடாதா என்று தோன்றும். வராது. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை ஒற்றைப்படை என்றால் அவற்றின் வித்தியாசமும் ஒற்றைப்படையாகவே இருக்கும். 3 ஒற்றைப்படை என்பதைப் பார்த்த உடனே, தள்ளப்பட்ட அரை இருந்தது என்று திறக்கும் மென்பொருளுக்குத் தெரிந்துவிடும். 999-ஐ இரட்டித்து ஒன்று கூட்டினால் 1999. அதனுடன் 3-ஐக் கூட்டிப் பாதியாக்கினால் 1001, கழித்துப் பாதியாக்கினால் 998. ஒரு துளியும் சிந்தவில்லை. எத்தனை முறை யோசித்தாலும் இந்தச் சிறு கணக்கு எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

இந்தச் சிக்கனம் ஃப்ளாக்கில் இரண்டு சேனல் கோப்புக்கு மட்டுமே கிடைக்கிறது. முதல் பதிலில் குறிப்பிட்ட அந்த மூன்று மதிப்புகள் இதற்கானவைதான்: இடதும் வித்தியாசமும், வித்தியாசமும் வலதும், சராசரியும் வித்தியாசமும். மூன்று சேனல் முதல் எட்டு வரை உள்ள கோப்பில் ஒவ்வொரு சேனலும் தனித்தனியாகவே எழுதப்படுகிறது. பக்கத்தில் இருப்பது தன் ஜோடி என்று அதற்குத் தெரியாது. எனவே நான்கு ஜோடிகளை ஒரே எட்டுச் சேனல் ஃப்ளாக்கில் போட்டபோது, நான்கு ஜோடிகளும் தங்கள் உறவை இழந்தன. வேவ்பேக் இந்த விஷயத்தில் வேறு மாதிரி. முன் இடம், முன் வலம் என்று முறையாக அடையாளமிட்ட சேனல்களை ஸ்டீரியோத் தொகுதிகளாகவும் மற்றவற்றை மோனோத் தொகுதிகளாகவும் பிரித்தே அது ஒரு கோப்புக்குள் அடுக்குகிறது.

ஓர் எச்சரிக்கை. ஜோடியாக வைத்தால் லாபம் என்பதற்காகத் தொடர்பே இல்லாத இரண்டு மைக்குகளை ஸ்டீரியோவாகச் சேர்க்காதீர்கள். வயலினுக்கும் தம்புராவுக்கும் வித்தியாசம் எடுத்தால் அது சிறிய எண்ணாக வராது. மென்பொருளும் முயன்று பார்த்துவிட்டுத் தனித்தனியாகவே எழுதும். அளவில் லாபம் இல்லை, பெயர் வைப்பதில் குழப்பம்தான் மிச்சம்.

திரைப்பட ஒலி படிக்கும் மாணவி நான். எங்கள் குறும்படத்தின் 5.1 கலவையை ஆறு மோனோ கோப்புகளாகக் கொடுத்தார்கள். வரிசைப்படி சேர்த்து ஃப்ளாக் செய்தேன். வீட்டு ஸ்பீக்கரில் போட்டால் வசனம் வலப் பக்கத்திலிருந்து வருகிறது. பின்னால் வலது ஸ்பீக்கரில் வெறும் உறுமல். (சென்னை வாசகி)

உங்களிடம் வந்த கோப்புகள் திரைத்துறை வரிசையில் இருந்திருக்கின்றன: இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, கடைசியாகத் தாழ்சுருதிச் சேனல். ஃப்ளாக் எதிர்பார்ப்பது வேவ் கோப்பின் வரிசையை: இடது, வலது, நடு, தாழ்சுருதி, பின் இடது, பின் வலது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டாவது இடத்தில் நீங்கள் வைத்தது நடுச் சேனல். ஃப்ளாக் அதை வலது ஸ்பீக்கருக்கு அனுப்பியது, வசனம் அங்கே போயிற்று. ஆறாவதாக வைத்தது தாழ்சுருதி. அது பின் வலது ஸ்பீக்கரில் உறுமியது. நீங்கள் கவனிக்காத இன்னொன்றும் நடந்திருக்கும்: பின் இடது ஸ்பீக்கருக்கான ஒலி தாழ்சுருதிச் சேனலுக்குள் போய், சப்-ஊஃபரால் முடிந்த பகுதி மட்டுமே கேட்டிருக்கும்.

சுருக்கத்தில் எதுவும் கெடவில்லை; ஆறு சேனலும் முழுமையாக உள்ளே இருக்கின்றன. திறந்து, சரியான வரிசையில் அடுக்கி, மறுபடி சுருக்கினால் போதும். வடிவத்துக்கு வடிவம் இந்த வரிசை மாறும் என்பதை நினைவில் வையுங்கள். ஆப்பிள் 2004-ல் கொண்டுவந்து 2011-ல் மூலநிரலைத் திறந்துவிட்ட ஏ.எல்.ஏ.சி.யும் எட்டுச் சேனல் வரை ஏற்கும். ஆனால் அதன் 5.1 வரிசை நடுச் சேனலில் தொடங்குகிறது. ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு நல்ல மென்பொருள் மாற்றும்போது வரிசையையும் தானே மாற்றிக்கொள்ளும். ஆறு மோனோ கோப்புகளைக் கையால் சேர்க்கும்போதுதான் பிழை நுழைகிறது. கலவைக்கு முன்னால், ஒவ்வொரு சேனலிலும் ‘இடது’, ‘நடு’ என்று ஒருவர் குரலில் சொல்லிப் பதிவு செய்த பத்து நொடிச் சோதனைக் கோப்பு ஒன்றை இதே வழியில் தயாரித்துப் போட்டுக் கேளுங்கள்.

சுருக்க அளவு 5-ல் செய்த ஃப்ளாக் கோப்புகளை 8-க்கு மாற்றினால் தரம் கூடுமா, குறையுமா? (ஈரோடு வாசகர்)

இரண்டும் இல்லை. 0 முதல் 8 வரை எந்த அளவானாலும் திறக்கும்போது கிடைப்பது அதே சாம்பிள்கள். கோப்பு சற்றே சிறுக்கும், அதற்குக் கணினி கூடுதல் நேரம் உழைக்கும். 5-ல் இருப்பவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்கிய கருவி 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்கிறது. ஆறு சேனல். ஃப்ளாக்காக மாற்றினால் பறையடி விழும் இடங்களில் ஒலி தட்டையாகிவிடுகிறது. வேவ் கோப்பில் அப்படி இல்லை. ஃப்ளாக் இழப்பில்லாதது என்பது பொய்யா? (திருநெல்வேலி வாசகர்)

பொய் இல்லை. உங்கள் மென்பொருள் ஃப்ளாக்கிடம் கொடுப்பதற்கு முன்னாலேயே இழப்பு நடந்துவிட்டது.

ஃப்ளாக் முழு எண்களை மட்டுமே அறியும். ஃப்ளோட் என்பது தசமப் புள்ளி நகரும் எண். அதில் ‘உச்சம்’ என்று நாம் சொல்லும் மட்டத்துக்கு மேலேயும் மதிப்பு இருக்கலாம். பறையை நெருக்கமாக மைக் வைத்துப் பதிந்தபோது அடி உச்சத்தைத் தாண்டியிருக்கிறது; ஃப்ளோட் அதைச் சேதமில்லாமல் தாங்கிக்கொண்டது. ஃப்ளாக்காக மாற்றும்போது மென்பொருள் அதை முதலில் 24 பிட் முழு எண்ணாக்கியது. உச்சத்துக்கு மேலே நின்ற பகுதி அங்கே வெட்டுப்பட்டது. வெட்டுப்பட்ட அந்த எண்களைத்தான் ஃப்ளாக் நாணயமாகக் காப்பாற்றிக் கொடுக்கிறது. 2022-ல் வந்த ஃப்ளாக் 1.4 பதிப்பு 32 பிட்டை ஏற்கிறது என்று படித்துவிட்டு, இந்தச் சிக்கல் தீர்ந்தது என்று சில நண்பர்கள் நினைக்கிறார்கள். அது 32 பிட் முழு எண். 32 பிட் ஃப்ளோட் அன்று.

மூலப் பதிவை வேவ்பேக்கில் வையுங்கள். அது ஃப்ளோட்டை ஒவ்வொரு பிட்டும் மாறாமல் சுருக்கும். முழு எண் கோப்பு அளவுக்கு அது சுருங்கவில்லையே என்று வருந்தவேண்டாம், ஃப்ளோட்டின் இயல்பு அது. பிறருக்கு அனுப்ப ஃப்ளாக் வேண்டுமானால், எல்லாச் சேனல்களையும் ஒரே அளவில், உச்சம் சூனிய டெசிபெல் என்ற எல்லைக்குக் கீழே வரும்வரை இறக்கி, 24 பிட்டாக்கி, அதன்பிறகு சுருக்குங்கள். ஆறையும் ஒரே அளவில் என்பது முக்கியம். மென்பொருளின் தானியங்கி நார்மலைஸ் வசதியைச் சேனல்வாரியாக ஓடவிட்டால், மைக்குகளுக்கு இடையே நீங்கள் அமைத்த சமநிலை போய்விடும். எவ்வளவு டெசிபெல் இறக்கினீர்கள் என்பதைக் கோப்போடு எழுதி வையுங்கள்.

காட்டு ஒலிகளை, சுற்றியுள்ள எல்லாத் திசைகளையும் சேர்த்துப் பதியும், நான்கு காப்சூல் (ஒலி வாங்கும் முனை) கொண்ட ஆம்பிசானிக் மைக்கில் பதிகிறேன். நீங்கள் பிரித்து வைக்கச் சொல்கிறீர்களே, இதையும் பிரிக்கலாமா? அடுத்து இரண்டாம் படி மைக் வாங்கவும் எண்ணம். (வால்பாறை வாசகர்)

பிரிக்கக்கூடாது. கச்சேரியில் ஒவ்வொரு மைக்கும் தனி ஆள். வயலின் தடத்தைத் தனியாகக் கேட்டாலும் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. ஆம்பிசானிக்கில் நான்கும் சேர்ந்துதான் ஒரு வெளி. ஒன்றைப் பிரித்தெடுத்தால் எஞ்சிய மூன்றும் திசையை இழக்கும். இவ்வகைப் பதிவுக்கு ஒரே கோப்பே சரி. நான்கு சேனல் என்பதால் ஃப்ளாக்கே போதும்.

ஆனால் அந்தக் கோப்பின் மேல் பெயர் எழுதாமல் விடாதீர்கள். நான்கு சேனல் ஃப்ளாக் என்றால் முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று பொருள் கொள்வதே வழக்கம். உங்கள் கோப்பை ஒரு சாதாரண ப்ளேயர் திறந்தால், எல்லாத் திசையையும் கூட்டிய முதல் சேனல் முன் இடது ஸ்பீக்கரிலும், திசைச் சேனல்கள் மற்ற மூன்றிலும் போய் விழும். குயில் எங்கே கூவியது என்று யாராலும் சொல்லமுடியாது. கோப்போடு சேர்ந்த குறிப்புகளுக்கான டேக் பகுதியில் ‘ஆம்பிஎக்ஸ்’ அல்லது ‘ஃப்யூமா’ என்று வரிசையின் பெயரை எழுதுங்கள். இரண்டுக்கும் முதல் சேனல் ஒன்றே. அடுத்த மூன்றும் இடம் மாறுகின்றன. காப்சூல்களிலிருந்து வந்த மூலத் தரவு உங்களிடம் இருந்தால், மாற்றப்பட்ட வடிவத்தோடு அதையும் வையுங்கள்; மாற்றும் கணக்கு மைக்குக்கு மைக் வேறுபடும், நாளை இன்னும் நல்ல கணக்கு வரலாம்.

இரண்டாம் படி மைக் பற்றி. படியோடு ஒன்றைக் கூட்டி, அதை அதனாலேயே பெருக்கினால் சேனல் எண்ணிக்கை வரும். முதல் படிக்கு 4, இரண்டாம் படிக்கு 9, மூன்றாம் படிக்கு 16. ஒன்பதாவது சேனலுக்கு ஃப்ளாக்கில் இடமில்லை. அந்த மைக் வந்த நாளிலிருந்து வேவ்பேக்குக்கு மாறிவிடுங்கள். எட்டும் ஒன்றுமாகப் பிரித்து இரண்டு ஃப்ளாக் செய்யலாமே என்று தோன்றினால், அந்த ஒற்றைச் சேனல் கோப்பு என்றாவது ஒருநாள் தொலைந்துபோவதை நினைத்துப் பாருங்கள்.

நாடக விழா ஒன்றின் 24 சேனல் பதிவுகளை ஃப்ளாக்காக்கி முடித்துவிட்டேன். இனி வேவ் மூலங்களை அழிக்கலாமா? வீடியோவோடு பொருத்த டைம்கோடு தேவைப்படும். (நாகர்கோவில் வாசகர்)

டைம்கோடு என்ற சொல்லைப் பார்த்ததும் ‘அழிக்காதீர்கள்’ என்று சொல்லத்தான் முதலில் தோன்றியது. பிராட்காஸ்ட் வேவ் கோப்பில், பதிவு தொடங்கிய நேரம் ஒலிக்கு வெளியே ஒரு தனிப் பகுதியில், நள்ளிரவிலிருந்து எத்தனையாவது சாம்பிள் என்ற எண்ணாக எழுதப்பட்டிருக்கும். மாலை 6.30-க்குத் தொடங்கிய 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் அந்த எண் 319 கோடியே 68 லட்சம். ஃப்ளாக் வழக்கமாக ஒலியை மட்டும் எடுத்துக்கொள்ளும். இந்தப் பகுதியை விட்டுவிடும். சுருக்கும்போது ‘கீப் ஃபாரின் மெட்டாடேட்டா’ என்ற விருப்பத்தைக் கொடுத்திருந்தால்தான் அது உள்ளே போயிருக்கும். விரிக்கும்போதும் அதே விருப்பத்தை மறுபடி கொடுத்தால்தான் வெளியே வரும். கொடுத்த நினைவு இல்லையென்றால் கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொண்டு, மறுபடி சுருக்குங்கள். வேவ்பேக்கில் இந்தக் கவலை இல்லை. மூலக் கோப்பின் தலைப்பையும் வாலையும் அது கேட்காமலே சேர்த்து வைக்கிறது.

அடுத்து, ஒலியைச் சரிபார்ப்பது. ஒவ்வொரு ஃப்ளாக்கின் தலைப்பிலும், சுருக்குவதற்கு முந்தைய சாம்பிள்கள் அனைத்துக்குமான எம்.டி.5 என்ற கைரேகை இருக்கிறது. ‘டெஸ்ட்’ விருப்பத்தோடு ஃப்ளாக் கருவியை ஓட்டினால், கோப்பை முழுவதும் விரித்து, கைரேகையை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடும். இதுபோக ஒவ்வொரு துண்டுக்கும் சி.ஆர்.சி. என்ற சரிபார்ப்பு எண் தனியாக உண்டு. வட்டில் ஒரு புள்ளி கெட்டால், கெட்ட துண்டு எது என்று தெரியும். 4,096 சாம்பிள் துண்டு என்றால் இழப்பு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதல். அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒலி பிழைத்துக்கொள்ளும். டேக்கை எத்தனை முறை திருத்தினாலும் இந்தக் கைரேகை மாறாது என்பது இன்னொரு வசதி. இரண்டு வட்டுகளில் வைத்த பிரதிகள் ஒன்றுதானா என்று கோப்பின் அளவைப் பார்த்துச் சொல்லமுடியாதபோது, இந்த எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஆனால் கைரேகை சொல்வது, சுருக்கும் கருவியிடம் கொடுக்கப்பட்ட ஒலி அப்படியே இருக்கிறது என்பதை மட்டுமே. 24 சேனலைப் பிரிக்கும்போது நீங்கள் தவறான சேனலுக்குத் தவறான பெயர் வைத்திருந்தால் அதற்கு அது பொறுப்பாகாது. ஆகவே அழிப்பதற்கு முன் இன்னொன்றையும் செய்யுங்கள். மூல வேவையும் இருபத்துநான்கு ஃப்ளாக்குகளையும் ரீப்பர் போன்ற ஒரு மென்பொருளில் ஒன்றாகத் திறந்து, ஒரே நொடியில் தொடங்கும்படி வைத்து, ஃப்ளாக் தடங்களின் துருவத்தை மட்டும் திருப்பி (அலையை மேல் கீழாக மாற்றி), சேனலுக்குச் சேனல் கூட்டிக் கேளுங்கள். ஒன்றை ஒன்று முழுதாக விழுங்கி, மீட்டர் எங்கும் அசையாமல் நிற்கவேண்டும். ஏதாவது ஒரு சேனலில் குரலோ தாளமோ கேட்டால் அங்கே பெயரோ வரிசையோ மாறியிருக்கிறது. இருபத்துநான்கிலும் நிசப்தம் வந்து, டைம்கோடும் சரியாகத் திரும்பக் கிடைத்து, இரண்டாவது பிரதி வேறொரு வட்டில் ஏறி, அந்த வட்டு உங்கள் வீட்டில் அல்லாமல் வேறோர் இடத்தில் இருக்கும் நாளில் வேவ் மூலங்களை அழித்துவிடலாம்.